ஷானனைப் பற்றி ஊர் நூலகத்தில் 20 நிமிடம் பேச வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கடைமடைப் பையன் (திருத்துறைப்பூண்டி பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேசுவார்கள். இந்த மாதம் நூலகர் அக்கா என் பெயரைப் போட்டுவிட்டார். யாரைப் பற்றி என்று கேட்டதும் யோசிக்காமல் கிளாட் ஷானன் என்றேன். இந்த செமஸ்டர் முழுக்க அவர் பெயரைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சிக்கல் வீட்டிலேயே ஆரம்பித்தது. "அந்த ஆள் என்ன கண்டுபிடிச்சார்?" என்று அப்பா கேட்டார். எடிசன் என்றால் பல்பு, பெல் என்றால் டெலிபோன். ஷானன் என்றால்? சேனல் கெப்பாசிட்டி என்று ஆரம்பித்து, லாகரிதம் வரை போய் நின்றுவிட்டேன். தேர்வில் 16 மதிப்பெண் கேள்வி வந்தால் முழுதாக எழுதுவேன். அப்பாவுக்கு இரண்டு வாக்கியம் சொல்லத் தெரியவில்லை.

வரப்போகிறவர்கள் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், வயலுக்குப் போகிறவர்கள், 100 நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள் சிலர். இப்போதைக்கு என் கையில் ஒரே ஓர் உவமைதான் இருக்கிறது. கல்லணையில் எவ்வளவு திறந்துவிட்டாலும், எங்கள் ஊர் வாய்க்கால் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் எங்களுக்கு வரும். அதுபோல ஒரு கம்பியிலோ காற்றிலோ நொடிக்கு இவ்வளவு செய்திதான் போகும் என்பதற்கு ஓர் அளவு உண்டு, அந்த அளவைக் கணக்காகச் சொன்னவர் ஷானன். இது சரியா?

அவருடைய வாழ்க்கையைப் பற்றியும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். என் பாடப்புத்தகத்தில் பிறந்த ஆண்டு கூட இல்லை.

பதில் 1: மன்னை நண்பன்

1916-ல் அமெரிக்காவில் பிறந்தவர். நாம் மெகாபைட், ஜிகாபைட் என்று சொல்வதற்கெல்லாம் அடியில் இருக்கும் "பிட்" என்ற அலகைக் கொடுத்தவர். மாணவனாக இருந்தபோது எழுதிய ஆய்வுக்கே நோபல் பரிசு வாங்கினார். இதிலிருந்து ஆரம்பியுங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பதில் 2: பழைய தந்திக்காரர் (நாகப்பட்டினம்)

தம்பி, இந்தப் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1975-ல் தந்தி வேலைக்கு வந்தவன் நான். நாகப்பட்டினம், கும்பகோணம், மன்னார்குடி என்று 35 வருடம். ஷானனைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகுதான், மகன் கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களில். படித்து முடித்ததும், நாங்கள் கையால் செய்துகொண்டிருந்த வேலைக்குக் கணக்கு எழுதியவர் இவர் என்று புரிந்தது. நீளமாக எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். மன்னை நண்பர் சொன்னது நோபல் பரிசு இல்லை. ஆல்ஃபிரட் நோபிள் என்ற அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் பெயரில் அங்கே ஒரு பரிசு உண்டு, அதுதான் அவருக்குக் கிடைத்தது. ஷானனுக்கு நோபல் கிடைக்கவில்லை. 1985-ல் ஜப்பானின் கியோட்டோ பரிசு கிடைத்தது. "பிட்" என்ற சொல்லும் அவருடையது இல்லை. ஜான் டூக்கி என்ற கணித அறிஞர் சொன்னது என்று ஷானனே தன் கட்டுரையில் எழுதிவைத்திருக்கிறார். பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள். அடுத்தவர் கொடுத்ததை அடுத்தவர் பெயரிலேயே எழுதினவர் அவர். அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே நைக்விஸ்ட், ஹார்ட்லி என்ற இரண்டு மூத்தவர்களைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்.

இனி அவர் ஊர். 1916 ஏப்ரல் 30-ல் மிச்சிகன் மாநிலம் பெட்டாஸ்கியில் பிறந்தார். வளர்ந்தது கேலார்ட் என்ற சின்ன ஊர். அம்மா பள்ளித் தலைமையாசிரியை. பையனாக இருந்தபோது அரை மைல் தள்ளி இருந்த நண்பன் வீட்டுக்குத் தந்தி அடிக்க ஆசைப்பட்டார். கம்பிக்கு எங்கே போவது? வயலைச் சுற்றிப் போகும் முள்கம்பி வேலியையே தந்திக் கம்பியாக ஆக்கிக்கொண்டார். நம் ஊரில் தென்னந்தோப்புக்கும் வேலி இருக்கிறதே, அதேதான். வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்தில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாகவும் வேலை பார்த்திருக்கிறார். இந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன் தம்பி. எங்கள் அலுவலகத்தில் தந்தி டெலிவரிக்கு சைக்கிளில் போகும் பையன்களை எனக்குத் தெரியும். தெருவில் சைக்கிள் நுழைந்தாலே வீட்டுக்காரர்கள் முகம் வெளுத்துவிடும். அந்த வேலையைச் செய்த ஒருவர்தான் பின்னால் செய்தி என்றால் என்ன என்று உலகத்துக்குச் சொன்னார்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1936-ல் இரண்டு பட்டம் வாங்கினார், ஒன்று மின்பொறியியல், ஒன்று கணிதம். அப்புறம் எம்ஐடி. நம் குரோம்பேட்டை எம்ஐடி இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது. அங்கே வன்னீவர் புஷ் என்ற பேராசிரியர் தண்டுகளும் சக்கரங்களும் சுழலும் ஒரு பெரிய கணக்குப் போடும் இயந்திரம் வைத்திருந்தார். அதை ஓட்டுகிற வேலை ஷானனுக்கு. அந்த இயந்திரத்தைக் கட்டுப்படுத்த நூற்றுக்குக் கிட்ட ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள், இருந்தன. பழைய எக்ஸ்சேஞ்சுக்குள் ஒரு முறையாவது நுழைந்தவர்களுக்கு ரிலேயின் சத்தம் தெரியும், ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும். மின்சாரம் வந்தால் மூடும், போனால் திறக்கும், அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. 1937-ல், 21 வயதில், ஷானன் எழுதிய முதுகலை ஆய்வு அதைப் பற்றியது. ஜார்ஜ் பூல் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய உண்மை-பொய்க் கணிதமும் இந்த ரிலே இணைப்புகளும் ஒன்றே என்று காட்டினார்.

இதை உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல பம்புசெட் போதும். கரண்டும் இருக்க வேண்டும், பச்சைப் பொத்தானும் அழுத்த வேண்டும், அப்போதுதான் மோட்டார் ஓடும். இது "உம்". வாசலில் இருக்கும் அழைப்பு மணிக்கு முன்வாசலில் ஒரு பொத்தான், கொல்லைப்புறத்தில் ஒரு பொத்தான், எதை அழுத்தினாலும் அடிக்கும். இது "அல்லது". இந்த இரண்டையும் "இல்லை" என்பதையும் சேர்த்தால் எந்தக் கணக்கையும் சுவிட்சுகளால் போடலாம். இன்று உங்கள் கையில் இருக்கும் போன் வரைக்கும் அதுதான் அடித்தளம். இந்த ஆய்வோடு அவர் நிறுத்தியிருந்தாலும் பெயர் நின்றிருக்கும். முனைவர் பட்டத்துக்கு 1940-ல் மரபியல் கணிதம் எழுதினார், அதை விட்டுவிடலாம்.

1941-ல் அமெரிக்க டெலிபோன் நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். போர்க்காலம். ரகசியக் குறியீடுகளில் வேலை. 1943 தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கணினித் துறையின் முன்னோடி ஆலன் டூரிங் நியூயார்க் வந்து அந்த ஆய்வகத்தில் இரண்டு மாதம்போல இருந்தார். இருவரும் தேநீர் நேரத்தில் சந்தித்துப் பேசுவார்களாம். இருவருமே ரகசியக் குறியீட்டு வேலையில் இருந்தவர்கள், அதைப் பற்றி மட்டும் ஒருவருக்கொருவர் பேச அனுமதி இல்லை.

இப்போது உங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1948 ஜூலையிலும் அக்டோபரிலும் பெல் ஆய்வகத்தின் இதழில் இரண்டு பகுதியாக ஒரு கட்டுரை வந்தது. அதில் இருப்பதை என் மேசையிலிருந்தே சொல்கிறேன்.

ஒன்று. வாழ்த்துத் தந்தி. அச்சிட்ட வாழ்த்து வாசகங்கள் ஒரு பட்டியலாக அலுவலகச் சுவரில் இருக்கும். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு இரண்டு மூன்று, தேர்வில் தேறினால் ஒன்று. வந்தவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். முழு வாசகத்தையும் நாங்கள் அடிக்க மாட்டோம். அதன் எண்ணை மட்டும் அடிப்போம். அந்தப் பக்கம் இருப்பவர் பட்டியலைப் பார்த்து முழு வாசகத்தையும் பூப்போட்ட தாளில் எழுதிக் கொடுப்பார். அப்படியென்றால் கம்பியில் போனது எது? வாசகம் போகவில்லை. பட்டியலில் இருக்கும் இத்தனையில் இது என்ற தேர்வு மட்டும்தான் போனது. ஷானன் கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. செய்தி என்பது, வந்திருக்கக்கூடிய பல செய்திகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. எத்தனையில் ஒன்று என்பதுதான் அதன் அளவு. இரண்டில் ஒன்று என்றால் ஒரு பிட். நான்கில் ஒன்று என்றால் இரண்டு பிட், எட்டில் ஒன்று என்றால் மூன்று. அடிக்கடி வருவதற்குக் குறைந்த அளவு, அபூர்வமாக வருவதற்குக் கூடுதல். நாங்கள் புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் குறியீட்டில், ஆங்கிலத்தில் அதிகம் வரும் "ஈ" என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி, எப்போதாவது வரும் "க்யூ"வுக்கு கோடு-கோடு-புள்ளி-கோடு. அந்தக் கை அறிந்ததைத்தான் அவர் கணக்காக்கினார்.

அந்தக் கட்டுரையில், செய்தியின் பொருள் பொறியாளருக்குச் சம்பந்தமில்லை என்று ஒரு வரி உண்டு. கேட்டால் மனசில்லாத பேச்சு போலத் தோன்றும். ஒரே நாளில், ஒரே விரலால், "ஃபாதர் எக்ஸ்பயர்டு" என்றும் அடித்திருக்கிறேன், ஆண் குழந்தை பிறந்தது என்றும் அடித்திருக்கிறேன். கம்பிக்கு இரண்டும் ஒன்று. பொருளைப் பார்க்காமல் ஒரு புள்ளிகூடத் தவறாமல் அனுப்புவதுதான் அந்த வீட்டுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை. அவர் சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

இரண்டு. இரைச்சல். 1977 நவம்பர் 12 விடியற்காலையில் நாகப்பட்டினத்தை அடித்த புயலில் நான் இங்கேதான் இருந்தேன். கம்பங்கள் விழுந்து கிடந்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து ஒரு கம்பி கிடைத்தபோது, நனைந்த கம்பங்கள் வழியாகச் சிக்னல் கசிந்து, சவுண்டரில் (வரும் சிக்னலைத் தட்டும் சத்தமாகத் தரும் கருவி) புள்ளி எது கோடு எது என்றே பிரியவில்லை. என்ன செய்தோம்? வேகத்தைப் பாதியாகக் குறைத்தோம். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை அடித்தோம். அப்போதும் சந்தேகம் என்றால் மூன்று தடவை. பிழை குறைய வேண்டுமா, வேகத்தைக் குறை. இன்னும் குறைய வேண்டுமா, இன்னும் மெதுவாகப் போ. பிழையே கூடாது என்றால் ஒரே சொல்லை விடிய விடிய அடித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் அனுபவம் அவ்வளவுதான் சொன்னது. 1948 வரை பெரிய பொறியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஷானன் இல்லை என்றார். எவ்வளவு இரைச்சலான கம்பிக்கும் நொடிக்கு இத்தனை பிட் என்று ஒரு கொள்ளளவு உண்டு. அதற்குக் கீழே எந்த வேகத்திலும், வேகத்தை மேலும் குறைக்காமலே, பிழையை நினைத்த அளவுக்குச் சிறிதாக்கலாம். அதைத் தாண்டினால் எந்த வித்தையாலும் முடியாது. நான் இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கடற்கரை வரை நடந்துவிட்டு வந்தேன்.

எப்படி முடியும்? நாங்கள் ஒவ்வொரு சொல்லாகக் காப்பாற்றினோம். அவர் நிறையச் சொற்களை ஒரே கட்டாகச் சேர்த்துக் காப்பாற்றச் சொன்னார். கொள்ளிடத்துக்கு அக்கரையில் நின்று ஒருவர் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் ராமன், ராமு, ராமையா என்று மூன்று பேர் இருந்தால் காற்றில் யாரைக் கூப்பிட்டது என்று தெரியாது. ராமன், கோவிந்தசாமி, அஞ்சலை என்று இருந்தால் பாதிப் பெயர் காற்றில் போனாலும் சரியான ஆள் திரும்பிப் பார்ப்பார். பெயர்கள் நீளமாகவும் ஒன்றுக்கொன்று தூரமாகவும் இருக்க வேண்டும். நீளமான பெயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால்கூட, அவை ஒன்றுக்கொன்று போதுமான தூரத்தில் இருக்கும் என்று அவர் நிரூபித்தார். ஆனால் எந்தப் பெயர்களை வைத்தால் கையாளச் சுலபம் என்று சொல்லவில்லை. அது அடுத்தவர்கள் வேலையாகப் போயிற்று.

உங்கள் வாய்க்கால் உவமை பாதி சரி. கொள்ளளவு என்ற எண்ணத்துக்கு அதைவிட நல்ல உவமை டெல்டாவில் கிடையாது. ஆனால் வழியில் கசிந்துபோன தண்ணீர் கடைமடைக்குத் திரும்ப வராது. செய்தியில் விழுந்ததைத் திரும்ப எடுக்கலாம், முன்கூட்டியே சரியாகக் கட்டி அனுப்பியிருந்தால். வாய்க்காலில் தொடங்குங்கள், ஆனால் அங்கேயே முடித்துவிடாதீர்கள்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், மனசில் இருக்கிறது. பம்பாயிலிருந்து ஒரு பெண் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு 21-ஆம் தேதி தஞ்சாவூர் வருவதாகத் தந்தி. கையில் கிடைத்தபோது அது 22 ஆகியிருந்தது. மோர்ஸில் 1 என்பது ஒரு புள்ளி, நான்கு கோடு. 2 என்பது இரண்டு புள்ளி, மூன்று கோடு. ஒரே ஒரு கோடு சுருங்கிப் புள்ளியாகக் கேட்டால் போதும். அந்தப் பெண் ராத்திரி முழுக்க ஜங்ஷனில் உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் மாமனார் அந்தத் தாளோடு கவுண்டருக்கு வந்து நின்றார். எந்த இடத்தில் விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, நான் எழுதியதிலா, அதற்கு முந்தின இடத்திலா. "இமீடியட்லி" என்ற சொல்லில் ஓர் எழுத்து விழுந்தால் யாரும் சரியாகப் படித்துவிடுவார்கள். எண்ணில் ஒன்று விழுந்தால் மிச்சத்தை வைத்து யூகிக்க வழியில்லை. அதனால்தான் எண்கள் வந்தால் கடைசியில் இன்னொரு முறை அடிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். மொழிக்குள்ளேயே மிகை, அதாவது விழுந்ததை யூகிக்க உதவும் உபரி, இருக்கிறது, எண்ணுக்குள் இல்லை. ஷானன் இந்த மிகையையும் அளந்தார், ஆங்கிலத்தில் ஏறக்குறைய பாதி மிகை என்று 1948-லேயே எழுதினார்.

பதில் 3: தமிழாசிரியை (மாயவரம்)

ஐயா கடைசியில் சொன்ன மிகையை வைத்துத் தமிழில் ஒரு விளையாட்டு நடத்தலாம் தம்பி. நான் பத்தாம் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன்.

பலகையில் "தங்" என்று எழுதிவிட்டு அடுத்த எழுத்து என்ன வரிசை என்று கேளுங்கள். ககர வரிசை என்று வகுப்பே சொல்லும். "பந்" என்றால் தகரம். "பக்" என்றால் ககரம். தொல்காப்பியம் இதை மெய்ம்மயக்கம் என்று விதியாகவே வைத்திருக்கிறது. க், ச், த், ப் நான்கும் தம்மோடு தாம் மட்டுமே மயங்கும். ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் மயங்கா. "பக்தி", "சக்தி" போன்றவை வெளியிலிருந்து வந்த சொற்கள், அவற்றை விலக்கிக்கொள்ளுங்கள். அடுத்து என்ன வரும் என்று முன்பே தெரிந்த எழுத்து புதிதாக எதையும் சொல்வதில்லை. ஆனால் முந்தைய எழுத்து அழிந்துபோனால் அதை மீட்டுக் கொடுக்கிறது. ஓலைச்சுவடியில் பூச்சி அரித்த இடத்தை உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் எதுகை, மோனை, தளை பார்த்து நிரப்ப முடிந்ததும் இதனால்தானே. யாப்பும் ஒரு மிகைதான்.

ஷானனும் இதே விளையாட்டை ஆடியிருக்கிறார். மனைவி பெட்டியிடம் ஒரு துப்பறியும் கதையிலிருந்து எழுத்து எழுத்தாக மறைத்து, அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். 26 எழுத்தும் சமமாக வந்தால் எழுத்துக்கு 4.7 பிட் வேண்டும். முன்னால் வந்ததெல்லாம் தெரிந்திருந்தால் ஏறக்குறைய ஒரு பிட் போதும் என்று 1951-ல் எழுதினார்.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசுங்கள். அவரும் பெல் ஆய்வகத்தில் கணிதப் பணியில் இருந்தவர். 1949-ல் திருமணம். அடுத்த வருடம் ஷானன் செய்த தீசியஸ் என்ற எலிக்கு இணைப்புக் கம்பிகள் போட்டதில் அவருக்கும் பங்கு உண்டு. 25 கட்டம் உள்ள ஒரு புதிர்ப்பாதையில் அந்த எலி முட்டி மோதி வழி கண்டுபிடிக்கும். இரண்டாம் தடவை விட்டால் முட்டாமல் நேராகப் போகும். உண்மையில் எலிக்குள் காந்தம் மட்டும்தான். நினைவு வைத்திருந்தது பலகைக்கு அடியில் இருந்த டெலிபோன் ரிலேக்கள். பெண் பிள்ளைகள் நிறைய வருவார்கள் என்றால் இந்தக் கதைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கடைமடைப் பையன்

ஐயா, டீச்சர், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வாழ்த்துத் தந்தி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். அவர் கல்யாணத்துக்கு வந்த தந்தி ஒன்று டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறதாம். எடுத்துக் காட்டினார். பூப்போட்ட தாள்தான்.

ஒரு சந்தேகம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நான் எட்டாவது. வேதாரண்யத்தில் கரையேறி எங்கள் ஊரையே புரட்டிப் போட்டது. மூன்றாம் நாள் சித்தப்பா மொட்டை மாடியில் நின்று கோயம்புத்தூருக்குக் கூப்பிடப் பார்த்தார். ஒரு கோடுதான் சிக்னல். பேச முடியவில்லை. "எல்லோரும் நலம், ஓடு மட்டும் போச்சு" என்று எஸ்எம்எஸ் போட்டார், அது போய்விட்டது. இதற்கும் ஷானனுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில் 4: விரிவுரையாளர் (கும்பகோணம்)

நேரடியாகவே உண்டு. கொள்ளளவு இரண்டு விஷயத்தைப் பொறுத்தது என்று ஷானன் காட்டினார். அலைவரிசையின் அகலம் ஒன்று. சிக்னல் இரைச்சலைவிட எத்தனை மடங்கு பலமாக இருக்கிறது என்பது இன்னொன்று. சிக்னல் மெலிந்தால் கொள்ளளவு சுருங்கும், ஆனால் பூஜ்யமாகிவிடாது. பேச்சுக்கு நொடிக்கு ஆயிரக்கணக்கில் பிட்டுகள், அதுவும் தாமதமில்லாமல், தொடர்ந்து வேண்டும். ஓர் எஸ்எம்எஸ் மொத்தமே 140 பைட்டுக்குள் அடங்கும், அவசரமும் இல்லை. நெட்வொர்க் அதை வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். சித்தப்பாவின் செய்தி மெலிந்த வாய்க்காலில் போகிற அளவுக்குச் சிறியதாக இருந்தது.

வகுப்பில் நான் தரும் கணக்கு ஒன்று. பழைய டெலிபோன் லைனில் பயன்படும் அகலம் சுமார் 3,000 ஹெர்ட்ஸ். சிக்னல் இரைச்சலைவிட 1,000 மடங்கு என்று வைத்தால் ஷானன் வாய்ப்பாடு நொடிக்கு ஏறக்குறைய 30,000 பிட் என்கிறது. பிரவுசிங் சென்டர் காலத்தில் கிர்ர்ர் என்று கத்திக்கொண்டு இணையும் மோடம்கள் 28,800, 33,600 என்ற வேகத்தில் நின்றது நினைவிருக்கிறதா? 1948-ல் காகிதத்தில் போட்ட அந்த எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் வர ஏறக்குறைய ஐம்பது வருடம் பிடித்தது. பிறகு வந்த 56,000 மோடம் கோட்டைத் தாண்டியது என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் பக்கம் டிஜிட்டல் ஆகி இரைச்சல் குறைந்ததால் கோடே மேலே போனது.

தந்திக்காரர் ஐயா சொன்ன "எந்தப் பெயர்கள்" என்ற வேலையைச் செய்தவர்களையும் சொல்ல வேண்டும். அதே பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங் 1950-ல் முதல் வழியைக் காட்டினார். 1960-ல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் எழுதிய முறைதான் இன்று கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடுக்குள் இருக்கிறது. மூலை கிழிந்து, மஞ்சள் கறை பட்டாலும் பணம் போகிறதே, அதன் காரணம் இது. அதிகபட்சப் பாதுகாப்போடு செய்தால் ஏறக்குறைய 30 சதவீதம் அழிந்தாலும் படிக்கலாம். கூட்டத்தில் ஒரு கியூஆர் அட்டையை வைத்து ஓரத்தை விரலால் மறைத்துப் படிக்கச் செய்யுங்கள். நான் வேறு எதுவும் பரிந்துரைக்கமாட்டேன், இது ஒன்று போதும்.

அதே 1960-ல் ராபர்ட் கேலகர் என்ற மாணவர் இதே வேலைக்கு இன்னொரு முறையைச் சொல்லி எம்ஐடியில் எழுதிய ஆய்வு, அன்றைய கணினிகளுக்குப் பெரிய சுமை என்று முப்பது வருடத்துக்குமேல் தூசியில் கிடந்தது. 1993-ல் பிரான்ஸில் கிளாட் பெரூவும் உடன் இருந்தவர்களும் ஷானன் கோட்டுக்கு மிக அருகில் வந்து காட்டிய பிறகுதான் கேலகரைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். இன்று 5ஜியில் தரவு போவது கேலகரின் முறையில். எங்கள் கல்லூரி நூலகத்தில் யாரும் தொடாத ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் இவர் நினைவுதான்.

பழைய தந்திக்காரர்

சார் சொன்ன கியூஆர் யோசனை அருமை, அதை விட்டுவிடாதீர்கள் தம்பி.

வாழ்க்கையின் பின்பாதியைச் சொல்லாமல் விட்டேன். 1956-ல் எம்ஐடிக்குப் போனார், 1978 வரை பேராசிரியர். அதே 1956-ல் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். தன் கோட்பாட்டை எல்லாத் துறையிலும் எல்லோரும் ஒட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், கொஞ்சம் நின்று நிதானமாக வேலை பாருங்கள் என்று. புகழ் உச்சியில் இருக்கும்போது இப்படி எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுவார், பந்துகளை வீசிப் பிடிப்பார், வீடு முழுக்கத் தானே செய்த பொம்மை இயந்திரங்கள். 1985-ல் இங்கிலாந்தின் பிரைட்டனில் இந்தத் துறையினர் கூடிய மாநாட்டுக்குச் சொல்லாமல் வந்து நின்றார். விருந்தில் பேசக் கூப்பிட்டபோது, நீளமாகப் பேசினால் அலுத்துவிடும் என்று பையிலிருந்து மூன்று பந்தை எடுத்து வீசிக் காட்டினாராம்.

அப்புறம் மறதி நோய் வந்தது. 2000-ல் கேலார்டில் அவருக்குச் சிலை வைத்தபோது அவரால் வர முடியவில்லை. 2001 பிப்ரவரி 24-ல், 84 வயதில் காலமானார். என் அம்மாவும் கடைசி நான்கு வருடம் அந்த நோயில் இருந்தார், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். அதனால் இந்தப் பகுதியை என்னால் நீளமாக எழுத முடியாது.

உங்கள் அப்பாவுக்கு இரண்டு வாக்கியம் வேண்டும் என்றீர்களே. என்னிடம் இருப்பது இதுதான்: "எந்தச் செய்தியையும் அளக்கலாம் என்று காட்டினார். எவ்வளவு இரைச்சலிலும் அதைப் பிழையில்லாமல் அனுப்ப ஓர் அளவு உண்டு என்று நிரூபித்தார்." அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

டிரங்குப் பெட்டியில் இருக்கும் தந்தியைக் கட்டாயம் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடிப்பை நிமிர்த்தாமல். என்னிடம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு கீயும் (தந்தி அடிக்கும் கட்டை) சவுண்டரும் இருக்கின்றன. சத்தம் தூக்கலாகக் கேட்க ஒரு காலி பிஸ்கட் டின் வேண்டும், அது உங்கள் ஊரிலேயே கிடைக்கும். அறையின் ஒரு மூலையில் நான் கீயோடு, எதிர் மூலையில் ஒரு பிள்ளை வாழ்த்துப் பட்டியலோடு. நான் எண்ணை மட்டும் அடிக்கிறேன், பிள்ளை வாசகத்தைப் படிக்கட்டும். எண்ணுக்கான மோர்ஸை முந்தின நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள், பத்து எண்தான், ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

ஞாயிறு காலை திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் வருகிறேன். 9 வோல்ட் பேட்டரி இரண்டு மட்டும் வாங்கி வையுங்கள். ஒன்று போதும், இன்னொன்று கையிருப்புக்கு.